கிளாக்கோமா: வீட்டிலிருந்தே கண்ணைக் கவனித்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குக் கிளாக்கோமா என்று தெரிந்து 11 வருடம் ஆகிறது. சொட்டு மருந்து வாங்குவது, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போவது, ரிப்போர்ட்டில் உள்ள எண்களைக் குறித்து வைப்பது எல்லாம் அன்றிலிருந்து என் பொறுப்பு. ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும், கேள்விப்பட்டுப் போன் செய்த சொந்தக்காரர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்கள் இவை. நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டர் சொன்ன பிறகுதான்.

கிளாக்கோமாவில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கும். அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் ஓரத்தில் உள்ள வடிகால் வழியாக இந்த நீர் வெளியேறும். வடிகால் அடைபட்டாலோ மந்தமானாலோ உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கும். கெட்ட நரம்பு திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆனால் 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. அதனால் “எனக்கு 17தான், நார்மல்” என்று நாமே முடிவு கட்டக் கூடாது. உங்கள் கண்ணுக்கு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் ஓர் இலக்கு வைத்திருப்பார். அதைக் கேட்டு எழுதி வையுங்கள். சுவீடனில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், அழுத்தம் 1 மி.மீ. குறைந்தாலே நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் மதிப்பு உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது, தொடக்கத்தில் பார்வையும் மங்காது. அரவிந்த் கண் மருத்துவமனைக் குழு தென் தமிழகத்துக் கிராமங்களில் ஆய்வு நடத்தி 2003இல் முடிவை வெளியிட்டது. கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் பி.பி. மெஷின் இருக்கிறது. அதில் பிரஷர் பார்த்தால் போதாதா?

போதாது. பெயர்தான் இரண்டுக்கும் “பிரஷர்”. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது ரத்த அழுத்தம். அது 120/80 என்று அழகாக இருக்கும்போதே கண் அழுத்தம் 30இல் இருக்கலாம். பி.பி. மாத்திரை போடுகிறோமே, கண்ணுக்கும் சேர்த்துத்தான் என்று சொட்டு மருந்தை விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் பி.பி. குறிப்பைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி தூக்கத்தில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் குறையும். பி.பி. மாத்திரையைப் படுக்கும் முன் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

சில மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கிறாரே, வீட்டில் வேறு எதற்குக் கவனிக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது வருடம். தொடர்ந்து இரண்டு விசிட்டிலும் அப்பாவின் கண் அழுத்தம் 16. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் ஃபீல்டு டெஸ்டில், அதாவது சுற்றிலும் எதுவரை பார்வை இருக்கிறது என்று பார்க்கும் சோதனையில், இடது கண்ணில் பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு கூடியிருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம், “மெடிக்கல் ஷாப் பில் எல்லாம் வெச்சிருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். ஃபைலிலேயே இருந்தன. ஒரு மாதம் வர வேண்டிய மருந்து இரண்டரை மாதத்துக்கு ஒரு பாட்டில்தான் வாங்கப்பட்டிருந்தது.

அப்பா மறைக்கவில்லை. “விட்டாலும் ஒண்ணுதான், விடாட்டியும் ஒண்ணுதான். எனக்கு வித்தியாசம் தெரியலம்மா” என்றார். ஆஸ்பத்திரி தேதி நெருங்கும் வாரத்தில் மட்டும் ஒழுங்காக விட்டிருக்கிறார். அதனால் அங்கே போகும்போது 16 காட்டியிருக்கிறது. இப்படிச் செய்கிறவர்கள் நிறைய என்று அந்த டாக்டரே சொன்னார்.

இன்னொரு காரணமும் உண்டு. கண் அழுத்தம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. படுத்தால் ஏறும். பலருக்கு விடிகாலையில் அதிகமாக இருக்கும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மற்றவர்களைவிடக் கூடுதல். நம்மை ஆஸ்பத்திரியில் அளப்பது பகல் 11 மணிக்கு, உட்கார்ந்த நிலையில், ஒரே ஒரு தடவை. மிச்ச நேரம் முழுக்க நாம் வீட்டில்தான் இருக்கிறோம்.

செலவில்லாமல் இன்றே தொடங்க என்ன வழி?

மருந்து பாட்டில்தான். இரவில் ஒரு சொட்டு விடும் லட்டானோபுரோஸ்ட் வகை மருந்து பெரும்பாலும் 2.5 மி.லி. பாட்டிலில் வரும். அதில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தினம் ஒவ்வொரு சொட்டு என்றால் மாதத்துக்கு 60. சிந்துவதையும் சேர்த்தால் ஒரு பாட்டில் ஒரு மாதம். புது பாட்டிலைத் திறக்கும் அன்று அதன் மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டித் தேதியை எழுதுங்கள். 15 நாளில் தீர்ந்தால் பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. 50 நாள் கழித்தும் மிச்சம் இருந்தால் பாதி நாள் விடவே இல்லை. இந்தத் தேதிகள் டாக்டருக்கு எவ்வளவு உதவும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்த நான்கு வாரத்தில், மிச்சம் இருந்தாலும், தூக்கிப்போட வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருந்தால், சித்திரை வெயிலில் நம் வீட்டு அலமாரி அதற்கு லாயக்கில்லை. ஃபிரிஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: சொட்டு சில்லென்று பட்டால் கண்ணுக்குள் விழுந்தது தெரியும்.

சொட்டு விடுவதில் அப்படி என்ன முறை இருக்கிறது?

அப்பா விடும்போது ஒருநாள் போனில் வீடியோ எடுத்தேன். அண்ணாந்து பார்க்கிறார், கை நடுங்குகிறது, முதல் சொட்டு இமை மேல் விழுகிறது. இரண்டாவது கண் ஓரத்தில். மூன்றாவது உள்ளே விழுந்ததும் கண்ணை இறுக்கி மூடி நாலைந்து தடவை படபடவென்று சிமிட்டுகிறார். மருந்து முழுக்க வெளியே. மூன்று வருடமாக அப்படித்தான் விட்டிருக்கிறார், நாங்கள் ஒருவரும் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

இப்போது கையைக் கழுவிவிட்டு, தலையணை இல்லாமல் படுத்துக்கொள்கிறார். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றி, அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது, பட்டால் மருந்தில் கிருமி சேரும். விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையில் விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். அங்கேதான் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் இருக்கிறது. மருந்து விட்ட பிறகு தொண்டையில் கசக்கிறது என்பார்களே, அது இந்த வழியாகப் போவதால்தான்.

கசப்போடு போனால் பரவாயில்லை. டிமோலால் போன்ற மருந்து அந்த வழியாக ரத்தத்தில் கலந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம், நாடித்துடிப்பு குறையலாம். வீசிங், இதயக் கோளாறு எது இருந்தாலும் மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். “ரெண்டு சொட்டா விட்டா சீக்கிரம் குறையுமா?” என்று கேட்கிறார்கள். ஒரு சொட்டே கண் தாங்குகிற அளவைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

தினமும் காலண்டரைப் படித்துப் பார்க்கிறேன், எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். எப்போதும் ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம், போட்டுக்கொள்ளும் கண்ணாடியோடு செய்யுங்கள். புரை வளர்வது, விழித்திரைக் கோளாறு போன்றவை இதில் தெரியவரும். ஆனால் கிளாக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையில் தொடங்குகிறது. நடுப் பார்வை கடைசி வரை நிற்கலாம். காலண்டர் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிற கண்ணில் பார்வைப் பரப்பில் பாதி போயிருக்கலாம். அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தாலாவது கவனிப்போம். மூளை சுற்றியிருப்பதை வைத்து அதை நிரப்பிவிடுகிறது.

அதனால் கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா, “ஊறுகாய் வைக்காம போயிட்டானே” என்றார். இலையின் இடது மேல் ஓரத்தில் மாங்காய் ஊறுகாய் இருந்தது. நான் விரலால் காட்டிய பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தார். அன்று எனக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. படி இறங்கும்போது காலால் தடவுவது, நிலைவாசலில் ஒரே பக்கத் தோள் இடிப்பது, வண்டி ஓட்டும்போது பக்கவாட்டில் வந்தவர் “திடீரென்று” முளைத்தார் என்று சொல்வது, இருட்டுத் தியேட்டருக்குள் போனதும் தடுமாறுவது: இவற்றைத் தேதியோடு எழுதுங்கள். இவையெல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள் என்பதையும் மனதில் வையுங்கள். இவை வரும்வரை ஃபீல்டு டெஸ்டைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

கட்டம் போட்ட ஒரு படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் தெரியுமா?

அது ஆம்ஸ்லர் கட்டம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா கெடுகிறதா என்று பார்க்க. கோடு நெளிந்து தெரிகிறதா என்பதுதான் அதில் கேள்வி. கிளாக்கோமாவுக்கு அது பதில் சொல்லாது.

இமை மேல் விரலால் அழுத்திப் பார்த்து, கண் கல்லு மாதிரி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாமா?

வேண்டாம். 15க்கும் 25க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. அழுத்துவதும் கசக்குவதும் கண் அழுத்தத்தை ஏற்றத்தான் செய்யும். கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

வீட்டிலேயே கண் அழுத்தம் அளக்க மெஷின் வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது. பின்லாந்து நிறுவனம் ஒன்றின் ஐகேர் ஹோம் என்ற கருவிக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஐகேர் ஹோம் 2 என்று அடுத்ததும் வந்துவிட்டது. ஊசி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் நுனி கருவிழியை நொடிப்பொழுது தொட்டுவிட்டுத் திரும்பும். திரும்பும் வேகத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும். மரத்துப்போகும் சொட்டு தேவையில்லை. நுனியை ஒருமுறைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது.

டாக்டரிடம் அழுத்தம் எப்போதும் சரியாக இருந்தும் ஃபீல்டு மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. விடிகாலை எழுந்ததும், மதியம், படுக்கும் முன் என்று சில நாள் அளந்தால், யாருக்கும் தெரியாமல் ஏறி இறங்குகிற நேரம் பிடிபடும். மருந்தைக் காலைக்கு மாற்றுவதா, இன்னொன்று சேர்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும்.

ஆனால் விலை அதிகம். வெளிநாடுகளில் பலர் சில நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். பயிற்சி எடுத்த பிறகும் எல்லாராலும் சரியாக அளக்க முடிவதில்லை, கை நடுங்குகிறவர்களுக்குக் கஷ்டம்தான். முதல் மாடலில் எண்ணை நோயாளிக்குக் காட்டவே மாட்டார்கள், டாக்டரின் கணினியில்தான் தெரியும். ஒருநாள் 19, மறுநாள் 14 என்று பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போவதையும், 14ஐப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்தை விடாமல் இருப்பதையும் யோசித்தால் அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டலாம். கண்ணாடி போடாமல் இருக்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து கருவிழி மெலிந்தவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

24 மணி நேரமும் கண்ணில் இருந்தபடி மாற்றத்தைப் பதிவு செய்யும் சென்சார் வைத்த கான்டாக்ட் லென்ஸ் ஒன்றுக்கும் 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது மி.மீ. கணக்கில் எண் தராது, ஏற்ற இறக்கத்தின் போக்கை மட்டும் காட்டும்.

ஃபீல்டு டெஸ்டை வீட்டில் செய்ய முடியுமா?

கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலம் வருகிறது. மெல்போர்ன் ரேப்பிட் ஃபீல்ட்ஸ் என்ற டேப்லெட் செயலி ஆஸ்திரேலியாவில் உருவானது. இங்கிலாந்தில் 20 கிளாக்கோமா நோயாளிகளிடம் இதே போன்ற வேறொரு செயலி உள்ள டேப்லெட்டைக் கொடுத்து, 6 மாதத்துக்கு மாதம் ஒருமுறை வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லா மாதமும் தவறாமல் செய்தார்கள். முடிவும் மருத்துவமனைப் பரிசோதனையோடு நன்றாக ஒத்துப்போனது. தலையில் மாட்டிக்கொண்டு செய்கிற கருவிகளும் வந்துவிட்டன.

போனில் இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒரு செயலியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் செயலி என்றால் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு கண்ணை நன்றாக மூடி, நடுப் புள்ளியை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் செய்ய வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியிலேயே இந்த டெஸ்டை வெறுக்கிறார். “பரீட்சை எழுதற மாதிரி இருக்கு” என்பார். அந்த டெஸ்டில் வெளிச்சம் நமக்குத் தெரிகிற எல்லைக்கும் கீழே மங்கிக்கொண்டே போகும், பாதிப் புள்ளிகள் தெரியாமல் போவது எல்லாருக்கும் இயல்புதான் என்று விளக்கிச் சொன்ன பிறகு அவருக்குப் படபடப்பு குறைந்தது.

தினசரிப் பழக்கத்தில் எதை விட வேண்டும்?

சிரசாசனம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா செய்கிற 75 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியது தெரிந்தது. மூச்சுப் பயிற்சி, நடை எல்லாம் தாராளமாகச் செய்யலாம். தலை இதயத்துக்குக் கீழே நெடுநேரம் இருக்கிற ஆசனங்களை விட்டுவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிப்பவர்கள் நம்மில் நிறைய. கண் டாக்டர்களே அழுத்தத்தை ஏற்றிப் பார்க்க இதைத்தான் ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள்! அதே தண்ணீரை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். டிரம்பெட், ஓபோ போன்று மூச்சை அடக்கி ஊதும் வாத்தியங்கள் ஊதும்போது அழுத்தம் ஏறுவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. நாகஸ்வரம் ஊதுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிடுவது நல்லது. குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்க வேண்டாம். காபியை விட வேண்டியதில்லை, அளவோடு குடிக்கலாம். பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. அது கண் அழுத்தத்தைக் குறைக்காது. தேன், வெங்காயச் சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கண் சிவப்புக்கு என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருக்கும். ஒரே நாளில் சிவப்பு போய்விடும், எரிச்சலும் அடங்கும், அதனால் பாட்டிலைப் பத்திரப்படுத்தி மறுபடி மறுபடி விடுவார்கள். வாரக்கணக்கில் விட்டால் பலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். கிளாக்கோமா உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இந்த ஆபத்து அதிகம். மாத்திரை, இன்ஹேலர், முகத்தில் பூசும் கிரீம் எதில் ஸ்டீராய்டு இருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டு வேறு டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

எப்போது அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும்?

ஒரு கண்ணில் திடீரென்று கடும் வலி, சிவப்பு, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலியும் வாந்தியும். இது வடிகால் கோணம் மூடிக்கொள்ளும் வகை. வாந்தி வருகிறதே என்று பித்தம் என நினைத்து வீட்டிலேயே ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். சில மணி நேரத்திலேயே நரம்பு கெடும். ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

அழுத்தம் குறைய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சிவப்பு, வலி, பீளை, பார்வை குறைவு இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் இது பொருந்தும். கண்ணுக்குள் கிருமி போயிருக்கலாம். புது மருந்து தொடங்கியபின் மூச்சுத் திணறலோ தலைசுற்றி மயக்கமோ வந்தாலும் அப்படித்தான்.

நோட்டில் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

எங்களுடையது 40 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் டாக்டர் சொன்ன இலக்கு, கருவிழித் தடிமன், ஆகாத மருந்துகள். அடுத்து, விசிட் தேதி, அளந்த மணி, இரண்டு கண்ணின் அழுத்தம். மணியை விட்டுவிடாதீர்கள், காலை 9 மணி 18ம் மாலை 4 மணி 18ம் ஒன்றல்ல. பாட்டில் திறந்த தேதி. விடாமல் போன நாட்கள், காரணத்தோடு: “திருப்பதி போனது, பாட்டில் மறந்தது.” உண்மையை எழுத வேண்டும். எழுதியதற்காகத் திட்டக் கூடாது, திட்டினால் அடுத்த தடவை எழுதமாட்டார்கள். நான் ஒருமுறை திட்டிவிட்டு இரண்டு மாதம் வெறும் டிக் குறிகளாகவே வாங்கினேன்.

அப்பாவுக்கு இருந்தால் எங்களுக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்று இல்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். கூடப்பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது போதாது. கண் டாக்டரிடம் போய் அழுத்தம் அளந்து, பாப்பா விரியும் சொட்டு விட்டு நரம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 40 வயதுக்குக் காத்திருக்கலாமா, முன்பே தொடங்க வேண்டுமா என்பதை அவரே சொல்வார். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை, வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்தில் இருக்கும் அத்தையை மூன்று வருடம் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அழுத்தம் இரண்டு கண்ணிலும் 26. நரம்பில் லேசான மாற்றம், ஃபீல்டில் இன்னும் ஒன்றும் விழவில்லை. இப்போது ராத்திரி 9 மணிக்கு அவரே அப்பாவுக்குப் போன் போட்டு, “சொட்டு விட்டியாண்ணே?” என்று கேட்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் விடுகிறார்கள்.